மேற்பலகை மறைக்காத பிழை

 

மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருவர், நாற்பது வயதைக் கடந்தவர், அஸர் தொழுகை முடிந்ததும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சிறு மரப்பட்டைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தால் காண்போர் என்ன நினைப்பார்கள்? "ஹஜரத்துக்கு என்ன வந்தது?" என்று என் காதுபடவே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு அன்று நான் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பட்டைகள் எனக்கு ஒரு பாடம் கற்பித்தன. அதுவும் என் மகனுக்கு எதிரிலேயே கற்பித்தன.

துபாயில் பணிபுரியும் என் மைத்துனர் சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தபோது, பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு ஒரு பெட்டி கொண்டு வந்தார். திறந்து பார்த்தால் கப்பல் இல்லை. கப்பலாக வேண்டிய பொருள்கள் இருந்தன. பிளைவுட்டில் வெட்டிய அச்சுகள், கட்டுக்கட்டாக மெல்லிய மரப்பட்டைகள், குண்டூசியைவிடச் சிறிய பித்தளை ஆணிகள், ஒரு வரைபடம், ஒரு செய்முறைத் தாள். அரபிக் கடலிலும் செங்கடலிலும் முத்துக் குளிப்பவர்களையும் வணிகப் பொருள்களையும் சுமந்து சென்ற 'சம்பூக்' என்னும் பாய்மரக் கப்பலை அறுபதில் ஒரு பங்கு அளவில் செய்யும் மாதிரி அது. 24 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பல் இந்தக் கணக்கில் 40 சென்டிமீட்டர் ஆகிறது.

இத்தகைய மாதிரி செய்வது மார்க்கத்தில் கூடுமா என்று சிலர் கேட்கக்கூடும். உருவம் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, செய்துதான் ஆக வேண்டுமென்றால் மரம் முதலான உயிரற்ற பொருள்களைச் செய்துகொள் என்ற கருத்தில் அவர்கள் வழிகாட்டியது ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது. கப்பல் உயிரற்ற பொருள். எனவே அதில் தடையேதும் நான் காணவில்லை.

ஏராவும் வங்கும்

கப்பலின் உடலைக் கட்டுவதைப் பற்றியே இக்கட்டுரை. பாய்மரம், கயிறு, நங்கூரம் ஆகியவையெல்லாம் அதற்குப் பின்னர் வருபவை. நம் கடற்கரை மக்கள் கப்பலின் முதுகெலும்பை 'ஏரா' என்பார்கள். அதிலிருந்து இருபுறமும் விலா எலும்புபோல் எழும் சட்டங்களை 'வங்கு' என்பார்கள். முன்பகுதி 'அணியம்', பின்பகுதி 'அமரம்'. என் மகனுக்கு இச்சொற்களில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. கப்பலோட்டிய சமுதாயம் என்று பெருமை பேசுகிறோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பரங்கிப்பேட்டையிலும் நாகூரிலும் மரைக்காயர்கள் மரக்கலம் வைத்து வாணிபம் செய்ததை மேடைகளில் முழங்குகிறோம். ஆயினும் ஏரா எது, வங்கு எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோமா?

முதற்பணி, ஏராவாக அமையும் நீண்ட பிளைவுட் அச்சு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது. கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தால் சிறு வளைவும் தெரிந்துவிடும். அடுத்து, அதன் வெட்டுகளில் வங்குகளைப் பொருத்த வேண்டும். எங்கள் மாதிரியில் 13 வங்குகள். பசை தடவுமுன் எல்லாவற்றையும் வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் உப்புத்தாளால் சிறிது தேய்க்க வேண்டும். ஒவ்வொரு வங்கும் ஏராவுக்குச் செங்கோணத்தில் நிற்கிறதா என்று மூலமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகே வெள்ளைப் பசை தடவ வேண்டும். ஒரு வங்கு சாய்ந்தாலும் அதன்மேல் செல்லும் பட்டைகள் அனைத்தும் அதனுடன் சேர்ந்து சாயும்.

பிறகு வருவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கப்பலின் நடுப்பகுதியில் வங்கின் விளிம்பு நேராக இருக்கலாம். ஆனால் அணியத்தை நோக்கி உடல் குறுகி வளைவதால், அங்குள்ள வங்குகளின் விளிம்பைச் சாய்வாக இழைக்க வேண்டும். அப்போதுதான் பட்டை விளிம்பின் அகலம் முழுவதிலும் படியும். இல்லையேல் ஓரத்தில் மட்டும் தொட்டு நிற்கும். ஒரு தட்டையான கட்டையில் உப்புத்தாளை ஒட்டி, இரண்டு மூன்று வங்குகளை ஒருசேரத் தேய்க்க வேண்டும். ஒரு பட்டையை எடுத்து வங்குகளின்மீது கிடத்திப் பார்த்தால், எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது புலப்படும். இதற்கு மட்டும் எங்களுக்கு நான்கு மாலைப் பொழுதுகள் பிடித்தன.

கண்ணால் அளந்தவர்கள்

எங்கள் பெட்டியில் வங்கு முதலில், பலகை பிறகு. மரபுவழி அரபுக் கப்பல் தச்சர்களின் முறை இதற்கு மாறானது. அவர்கள் ஏராவை நிறுத்தி, பலகைகளை ஒன்றோடொன்று இணைத்து உடலை எழுப்பிய பின்னரே உள்ளே வங்குகளைப் பொருத்தினார்கள். வரைபடம் இல்லை, தலைமைத் தச்சரின் கண்ணும் கையுமே அளவுகோல்.

ஹஜ் பயணமாகச் சென்ற இப்னு ஜுபைர், 1183-ஆம் ஆண்டில் செங்கடற்கரையின் ஐதாப் துறைமுகத்தில் தாம் கண்ட கப்பல்களை விவரித்திருக்கிறார். அவற்றில் ஆணி இல்லை. பலகைகள் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கான மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். இது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. ஓமான் நாட்டின் ஸூர் நகரில் 'ஸுஹார்' என்னும் கப்பல் அதே முறையில் கட்டப்பட்டு, 1980-ஆம் ஆண்டு நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு, 1981-ஆம் ஆண்டு ஜூலையில் சீனத்தின் காண்டன் துறைமுகத்தை அடைந்தது. டிம் செவரின் தலைமை தாங்கிய அப்பயணத்திற்கான கப்பலில் பலகைகளைத் தைத்தவர்களுள் நமது இலட்சத்தீவைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். தைத்த கப்பலில் இரு பலகைகளின் விளிம்புகள் சரியாகப் பொருந்தாவிட்டால், தச்சர் வாயால் எதுவும் சொல்லித் தப்ப இயலாது. கடல்நீர் உள்ளே வந்து உண்மையைச் சொல்லிவிடும்.

நான் செய்த தவறு

இனி என் கதைக்கு வருகிறேன். முதல் அடுக்குப் பட்டைகள் 5 மில்லிமீட்டர் அகலமுடையவை. அரைமணி நேரம் நீரில் ஊறவைத்தால் அவை வளைந்து கொடுக்கும். நடுவங்கில் மேல்தளத்திலிருந்து ஏரா வரை ஒரு பக்கத்தில் 90 மில்லிமீட்டர். ஆகவே 18 பட்டைகள். ஆனால் அணியத்தில் அதே தூரம் 54 மில்லிமீட்டர்தான். அங்கும் அதே 18 பட்டைகள் அடங்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் முனையில் 3 மில்லிமீட்டராகக் குறுக வேண்டும். இக்கணக்கைப் போடாமல் பட்டைகளை அப்படியே பதித்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பாதி அகலத்துக்கும் கீழே குறுக்க நேர்ந்தால், அவ்விடத்தில் ஒரு பட்டையை நிறுத்திவிட வேண்டும். மாறாக, அமரத்தில் இடைவெளி விரிந்தால் ஆப்பு வடிவத் துண்டால் அதை நிரப்ப வேண்டும்.

கணக்கைச் சரியாகவே போட்டோம். பட்டை பதிக்கத் தொடங்கியபோது மகன் செய்முறைத் தாளைக் காட்டி, "வாப்பா, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பதிக்கச் சொல்லியிருக்கிறது" என்றான். எனக்கோ ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போவது எளிதாகத் தோன்றியது. "எனக்குத் தெரியும், நீ பிடித்துக்கொள்" என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. இரண்டு மாலைகளில் வலப்பக்கம் ஆறு பட்டைகள் ஏறிவிட்டன.

மூன்றாம் நாள் கப்பலை எடுத்து மேலிருந்து பார்த்தேன். நேராக இருந்த ஏரா வாழைப்பழம்போல் வளைந்திருந்தது! வளைத்துப் பதித்த பட்டைகள் காய்ந்து இறுகியபோது ஒரு பக்கமாக இழுத்திருக்கின்றன. எதிர்ப்பக்கம் தடுத்து நிறுத்த ஒரு பட்டைகூட இல்லை. அதனால்தான் இரு பக்கமும் மாறிமாறிப் பதிக்க வேண்டும் என்று அந்தத் தாள் சொல்லியிருந்தது.

மகன் என் முகத்தைப் பார்த்தான். "நான் அப்போதே சொன்னேனே" என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பேன்.

சகோதரர்களே, உள்ளதைச் சொல்கிறேன். அந்நேரம் என் மனத்தில் வந்த முதல் எண்ணம், மரம் தரமற்றது என்று சொல்லிவிடலாம் என்பது. இரண்டாவது எண்ணம், இப்படியே மறுபக்கத்தையும் பதித்து, மேலே வரும் இரண்டாம் அடுக்கால் மூடிவிடலாம் என்பது. பணிவைப் பற்றியும் தவறை ஒப்புக்கொள்வதைப் பற்றியும் இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவன் நான். பதினைந்து வயது மகனுக்கு முன்னால், "நீ சொன்னது சரி, நான் செய்தது தவறு" என்னும் ஒரு வரி என் நாவில் ஏற மறுத்தது.

மஃக்ரிப் தொழுதுவிட்டு வந்துதான் அதைச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்லை வாப்பா, கழற்றிவிடலாம்" என்றான்.

கழற்றினோம். வெந்நீரில் நனைத்த துணியைப் பசையிட்ட இடங்களில் வைத்து, ஊறியதும் மெல்லிய பிளேடால் ஒவ்வொரு பட்டையாக நெகிழ்த்தி எடுத்தோம். ஏராவை இரு நேரான கட்டைகளுக்கிடையே இறுக்கி இரண்டு நாள் வைத்தோம். பிறகு வலம் ஒன்று, இடம் ஒன்று என்று முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை தாளைப் படித்துச் சொன்னவன் அவன், பிடித்துக்கொண்டவன் நான்.

மேற்பலகை மறைக்குமா?

முதல் அடுக்கு முடிந்ததும் இடுக்குகளில் பட்டி பூசி, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மென்மையான உப்புத்தாள் வரை தேய்க்க வேண்டும். இந்த அடுக்கு வெளியே தெரியப்போவதில்லை. இதன்மேல் அரை மில்லிமீட்டர் கனமே உள்ள வால்நட் மரப்பட்டை வரும். "மறையப் போவதுதானே, இதற்கு ஏன் இவ்வளவு தேய்க்க வேண்டும்?" என்று மகன் கேட்டான். பதில் சொன்னவள் என் மகள். இரவில் விளக்கைக் கப்பலின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தாள். பகலில் தெரியாத மேடும் பள்ளமும் நிழலாக எழுந்து நின்றன. மெல்லிய மேற்பட்டை அவற்றை மூடாது. அப்படியே பெயர்த்துக் காட்டும்.

அல்லாஹ் எல்லாக் காரியங்களிலும் 'இஹ்ஸான்' என்னும் செம்மையை விதித்திருக்கிறான் என்ற கருத்துள்ள நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதன் பொருளை விரல்நுனியால் தடவி அறிந்தது அன்றிரவுதான். நூஹ் (அலை) அவர்களின் கப்பலைத் திருக்குர்ஆன் 54-ஆம் அத்தியாயத்தில் பலகைகளும் 'துஸுர்' என்பதும் கொண்டதாகக் குறிப்பிடுகிறது. அச்சொல்லுக்கு ஆணிகள் என்று விரிவுரையாளர் பலர் பொருள் கூறுவர். கப்பலின் விலாச் சட்டங்கள் என்று கூறியோரும் உண்டு. எப்பொருள் கொண்டாலும், வெளியே கண்ணைக் கவரும் பகுதியை அது குறிக்கவில்லை. கப்பலைத் தாங்கி நிறுத்தும் பகுதியையே குறிக்கிறது.

குடும்பமும் அப்படித்தான். தந்தையின் சொல்லே ஓங்கி நிற்க வேண்டும் என்று ஒரு பக்கமாகவே பலகை பதிக்கிறோம். பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவதில்லை. அதைக் கீழ்ப்படிதல் என்று எண்ணி மகிழ்கிறோம். உள்ளே ஏரா வளைந்துகொண்டிருப்பது நமக்குத் தெரிவதில்லை. ஆறு பட்டையில் கழற்றினால் இரண்டு நாள் வேலை. முப்பத்தாறும் பதித்த பின் கழற்ற நினைத்தால் கப்பலே மிஞ்சாது.

உங்கள் வீட்டிலும் முயலுங்கள்

இத்தகைய பெட்டிகள் விலை அதிகம். அதற்காகத் தயங்க வேண்டாம். தச்சுப் பட்டறையில் கிடைக்கும் மெல்லிய பிளைவுட் துண்டில் ஏராவும் வங்குகளும் வெட்டி, மூங்கிலைச் சீவிய பட்டைகளால் சிறு தோணியின் உடலைக் கட்டலாம். காய்வதற்குள் பட்டையைப் பிடித்து வைக்கத் துணிக்கிளிப் போதும். தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பிளேடு பெரியவர் கையில் இருக்கட்டும். பெண்பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். விளக்கைப் பிடித்து மேடு பள்ளம் காணும் கூர்மை அவர்களிடம் இருக்கலாம்.

எங்கள் சம்பூக்கின் உடல் முடிந்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் ஏரா நேராக இருக்கிறது. பாய்மரம் இன்னும் ஏறவில்லை. கழற்றிய ஆறு பட்டைகளையும் என் மகன் எறியவில்லை. நூலால் கட்டிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

தவறு செய்யும்போது அதை உணரும் கண்ணையும், உணர்ந்ததை ஒப்புக்கொள்ளும் நாவையும், ஒப்புக்கொண்டதைத் திருத்தும் கையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.