பிறந்த கடலும் புகுந்த கடலும்

மும்பை, கோவா, மங்களூர் என்று மேற்குக் கரையோரம் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இரண்டு கடல்கள் உண்டு. பிறந்து வளர்ந்த இடத்தில் வங்கக்கடல். பிழைக்க வந்த இடத்தில் அரபிக்கடல். 'எல்லாம் ஒரே உப்புத் தண்ணிதானே!' என்று நாம் நினைப்போம். உள்ளே போய்ப் பார்த்தால் சங்கதி வேறு.

மூச்சு முட்டும் ஆழம்

அரபிக்கடலில் ஏறத்தாழ 150 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் ஆழம் வரை பிராணவாயு மிகக் குறைந்த நீர் பரந்து கிடக்கிறது. அதன் மேற்பகுதியில் பல இடங்களில் பிராணவாயு அறவே இல்லை எனலாம். காரணம் என்ன? பருவக்காற்று அடிக்கும்போது ஆழத்துச் சத்து மேலே வருகிறது, நுண்பாசிகள் செழிக்கின்றன. அவை மடிந்து கீழே இறங்கும்போது பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று, கூடவே பிராணவாயுவையும் காலி செய்கின்றன. வடக்கே நிலம் அடைத்திருப்பதால் புதுநீர் எளிதில் வந்து சேர்வதில்லை.

கேஸ் தீர்ந்தால் ஸ்டவ்

பிராணவாயு தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் பட்டினி கிடப்பதில்லை. கேஸ் தீர்ந்தால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்ற வைப்போமே, அதுமாதிரி நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. நைட்ரேட் என்பது நம் விவசாயிகள் தழைச்சத்து என்று சொல்வதன் ஒரு வடிவம். அது நைட்ரைட்டாகி, நைட்ரிக் ஆக்ஸைடாகி, நைட்ரஸ் ஆக்ஸைடாகி, கடைசியில் வெறும் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு போய்விடுகிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனாலும் பெரும்பாலான பாசிகளால் அதை நேரடியாக உண்ண முடியாது. ஆகவே கடலுக்கு இது சத்து இழப்பு.

இன்னொரு வழியும் உண்டு. அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் இணைத்து நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியாக்களை, 1990களில் நெதர்லாந்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பை ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். சாக்கடை ஆராய்ச்சியில் அகப்பட்ட இந்த 'அனாமாக்ஸ்' முறை கடலிலும் நடப்பது 2003-ல் உறுதியானது. அரபிக்கடலில் பெரும்பங்கு இழப்பு முதல் வழியில்தான் என்று 2009-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

வாசல் வரை வந்த ஆபத்து

இது நடுக்கடல் விவகாரம் மட்டுமல்ல. கோவா தோனா பாலாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த எஸ்.டபிள்யூ.ஏ. நக்வியும் குழுவினரும் 2000-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1999-ல் மேற்குக் கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலிலேயே பிராணவாயு அற்றுப்போனதையும், சில இடங்களில் நைட்ரேட்டும் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு உண்டானதையும் பதிவு செய்தார்கள். நைட்ரஸ் ஆக்ஸைடும் ஏராளமாகச் சேர்ந்திருந்தது. சிரிப்பூட்டும் வாயு என்று பெயர். ஆனால் சிரிக்கிற விஷயமல்ல. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 273 மடங்கு வெப்பமூட்டக் கூடியது. வயல்களிலிருந்து வழிந்து வரும் உரமும் இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

மயிரிழையில் தப்பிய வங்கம்

அப்படியானால் பிறந்த கடல்? கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி எல்லாம் கொட்டும் நன்னீர் வங்கக்கடலின் மேல் மூடிபோல் மிதக்கிறது. அதனால் கீழ்ச்சத்து மேலே வருவது குறைவு, பாசியும் குறைவு. அங்கேயும் ஆழத்தில் பிராணவாயு மிகச் சொற்பம். ஆனால் 2017-ல் வெளிவந்த ஆய்வு ஒரு நுட்பமான உண்மையைச் சொன்னது: மேல்மட்ட நீரில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவான பிராணவாயு அங்கே மிச்சமிருக்கிறது. நைட்ரேட்டைக் கரைக்க வல்ல பாக்டீரியாக்கள் அங்கும் தயாராகவே உள்ளன. ஆனால் அந்தத் துளி பிராணவாயுவை வைத்து வேறு பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை மறுபடியும் நைட்ரேட்டாக்கி விடுகின்றன. இழப்பு பெரிதாகத் தொடங்கவில்லை.

அந்தத் துளியும் போனால்? வங்கமும் அரபிக்கடல் வழியில் போகும் என்பதே ஆய்வாளர்களின் கவலை. கடல் சூடானால் நீரில் கரையும் பிராணவாயு குறையும். ஆறுகள் உரத்தைச் சுமந்து வந்தால் பாசி பெருகி, மிச்சமும் செலவாகும்.

ஊரில் இன்னும் நிலம் வைத்திருக்கும் அன்பர்கள் நம்மில் பலர். அடுத்த முறை போகும்போது, யூரியாவைப் பயிர் கேட்கிற அளவுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். மிஞ்சியது வாய்க்கால் வழியே கடலுக்குத்தான் போகிறது. புகுந்த கடல் படும் பாட்டைப் பார்த்தவர்கள் நாம். பிறந்த கடலுக்கு அது வரக்கூடாது என்று சொல்ல நமக்குத்தானே முதல் உரிமை!