ஆயில் மாற்றியும் வழுக்குகிறதா?

"கியர் ஆயிலை நானே மாற்றிவிட்டேன், பணம் மிச்சம்!" என்று உங்கள் வீட்டுக்காரர் மார்தட்டுகிறாரா? மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் மட்டும் அலறி, கார் நகர மறுத்தால் என்ன செய்வீர்கள்?

1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் ‘ஹைட்ராமாடிக்’ வந்த நாள் முதல், ஆட்டோமாடிக் கியருக்கு ஆயில்தான் உயிர். அதன் அழுத்தமே கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது.

முதலில் அளவைப் பாருங்கள். குறைந்தாலும் வழுக்கும், மிஞ்சினாலும் நுரைத்து வழுக்கும். கார்ப் புத்தகம் சொன்ன ரகம்தானா? வடிகட்டியின் சீல் சரியாக உட்கார்ந்ததா? இவையெல்லாம் சரி, ஆனால் வடித்த ஆயில் கறுத்துத் தீய்ந்த நாற்றம் அடித்ததா? அப்படியானால் தட்டுகளே தேய்ந்திருக்கும். புது ஆயில் அவற்றை மீட்காது.

அப்புறம் ஓட்டாதீர்கள், அம்மா! கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். லாரியில் ஏற்றி மெக்கானிக்கிடம் அனுப்புங்கள். மிச்சம் பிடித்த பணமா பெரிது, பின்ஸீட்டில் இருக்கும் குழந்தைகளைவிட?