கிண்டியில் படித்தவர்

1794இல் ஆங்கிலேயர் நில அளவைக்கு ஆட்களைப் பழக்கத் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. அரசுக்கு ஆள் வேண்டும், அதற்காகவே படிப்பு. விடுதலைக்குப் பிறகும் இந்த ஏற்பாடு வெகுகாலம் நீடித்தது. அணைகள், மின்வாரியம், நெய்வேலி, திருச்சி பெல் என எங்கும் பொறியாளர் தேவைப்பட்டார்கள். கல்லூரிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. கிண்டியில் இடம் கிடைத்தால் பொதுப்பணித்துறையில் நாற்காலி போட்டாயிற்று என்று வீட்டில் நம்பினார்கள். 1940களில் அங்கே படித்த முதல் பெண்களில் ஒருவரான பி.கே. த்ரேசியா, 1971இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளரானார்.

1980களில் சுயநிதிக் கல்லூரிகள் வந்தன. ஒரு கட்டத்தில் தமிழகத்தில் பொறியியல் கல்லூரிகள் 500ஐத் தாண்டின.

இன்று கிண்டியில் படித்தவருக்கும் ஏதோ ஒரு மாவட்டத்து இணைப்புக் கல்லூரியில் படித்தவருக்கும் பட்டம் தருவது அதே அண்ணா பல்கலைக்கழகம்தான். ஆனாலும் "மெயின் கேம்பஸா, அஃபிலியேட்டடா?" என்ற கேள்வி விடுவதில்லை. கிண்டியில் கணினி அறிவியல் கிடைக்க 200க்கு 200ஐ ஒட்டிய கட்-ஆஃப் வேண்டும். மாணவர்களைச் சலித்தெடுக்கும் வேலையைச் சேர்க்கைக் கலந்தாய்வே முடித்துவிடுவதால், நிறுவனங்கள் நேரே அங்கே வந்து இறங்குகின்றன. பாடம் நடத்தும் தரத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. பெரிய சம்பளம் தரும் 'டே ஒன்' கம்பெனிகள் இறுதியாண்டுத் தொடக்கத்திலேயே ஆளைப் பிடித்துவிடும். மற்றவர்களுக்குப் பூல் கேம்பஸ், ஆஃப் கேம்பஸ், இல்லாவிட்டால் ஓ.எம்.ஆர். பக்கம் அறை எடுத்துத் தங்கி வாக்-இன். டி.சி.எஸ்., காக்னிசன்ட் போன்றவை சுயநிதிக் கல்லூரிகளிலிருந்தும் கூட்டம் கூட்டமாக எடுத்ததால் எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரி கரையேறினார். அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. தொடக்கச் சம்பளத்தில் மட்டும் கிண்டிக்கும் மற்ற கல்லூரிகளுக்குமான இடைவெளி அப்படியே தெரிகிறது.

இரண்டாவது வேலைக்குப் போகும்போது கல்லூரிப் பெயர் எடுபடாது என்பார்கள். பாதிதான் உண்மை. அன்று கிண்டி சீனியர் கோட்டப் பொறியாளராக இருந்தால் ஜூனியரின் மாற்றலுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். ஆனால் வேலைக்குச் சர்வீஸ் கமிஷன் வழியாகத்தான் வர வேண்டும். இன்றைய சீனியர் பெங்களூருவிலோ சியாட்டிலிலோ உட்கார்ந்து ரெஃபரல் போட்டுவிடுகிறார். அதே வேலைக்கு ஆள் எடுக்கும் சேதி இணைப்புக் கல்லூரிப் பிள்ளைக்கு லிங்க்ட்இன்னில் வந்து சேரும்போது, விண்ணப்பங்கள் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும்.