கண் சுருங்கியது; கலை சுருங்கவில்லை!

மதுரைக்கு வடகிழக்கே யானைமலையைப் பார்க்காதவர் யார்? யானை படுத்திருப்பது போன்ற அந்தக் கல்மலையைக் கறுப்பு மையாலும் பேனாவாலும் தாளில் எழுப்பிக் காட்டியவர் மனோகர் தேவதாஸ். 1936-ல் மதுரையில் பிறந்தவர். சேதுபதி உயர்நிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் கல்லூரியிலும் படித்தார். கல்லூரியில் கற்றது ரசாயனம். சித்திரம் தாமாகவே பயின்றது. ஊரே அவருக்குச் சித்திரப் பள்ளி!

பேனாச் சித்திரம் எளிதென்று எண்ணிவிடக் கூடாது. பென்சில் கோட்டை ரப்பரால் அழிக்கலாம். மை பட்டால் பட்டதுதான். நிழல் வேண்டுமானால் மெல்லிய கோடுகளை நெருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டுமானால் விலக்க வேண்டும். கோபுரமும் மண்டபத் தூணும் இந்தக் கணக்கில்தான் தாளில் உருவாகின்றன.

இதற்குக் கூரிய பார்வை வேண்டும். அங்கேதான் விதி குறுக்கிட்டது. விழித்திரையைச் சிறுகச் சிறுக அழிக்கும் நோய் அவரைப் பற்றியது. இந்நோயில் முதலில் இருட்டில் கண் தெரியாது. பிறகு பார்வையின் எல்லை குறுகி, குழாய் வழியே பார்ப்பது போலாகிவிடும். கோபுரத்தை ஒரே பார்வையில் காண முடியாது. துண்டு துண்டாகக் கண்டு மனத்தில் சேர்க்க வேண்டும். 1972-ல் நேர்ந்த கார் விபத்தில் மனைவி மஹிமாவின் உடலும் செயலிழந்தது. அப்போதும் அவர் பேனாவைக் கைவிடவில்லை.

அந்தச் சித்திரங்கள் வாழ்த்து அட்டைகளாகி, அறப்பணிகளுக்குப் பணம் சேர்த்தன. 2020-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2022 டிசம்பரில் அவர் காலமானார்.

வசதிகள் வரட்டும், பிறகு வரையலாம் என்று காத்திருக்கும் ஓவிய மாணவர்கள், அவருடைய யானைமலையை ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும். ஒரு பேனா, ஒரு புட்டி மை. மற்றதெல்லாம் பொறுமை!