கோல்ப் பெரிய மனிதர் ஆட்டம் மட்டுமா?

கோல்ப் என்றதும் உங்கள் மனத்தில் யார் வந்து நிற்கிறார்கள்? தொப்பியணிந்த துரையும், அவர் பின்னால் பை சுமந்து நடக்கும் நம் வீட்டுப் பையனும்தானே?

நானும் சிறு வயதில் பை சுமந்தவன்தான். ஒரு நாள் ஆசை மிகுந்து, புல்லில் கிடந்த மட்டையை எடுத்து வீசிப் பார்த்தேன். மட்டையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அது பெரிய மனிதர் ஆட்டம். நமக்கு எதற்கடா?" என்றார் அப்பா. நானும் நம்பிவிட்டேன்.

ஆனால், இந்த ஆட்டத்தின் தாய்வீடு என்று போற்றப்படுவது எது தெரியுமா? ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிறிய கடற்கரை ஊர். அங்குள்ள புகழ்பெற்ற பழைய திடல் பொதுத் திடல்தான். அங்கே ஆடும் உரிமை ஊர்மக்களுக்கு உண்டென்று 1552ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் இல்லை. ஊரார் பிள்ளைகளோடு அங்கே உலாவுவார்கள். வெளியூரார் அதில் ஆடக் கட்டணம் மிக அதிகம் என்பது உண்மையே. எனினும், சிறுவர்களும் புதிதாகப் பழகுவோரும் ஆட 9 குழித் திடல் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது.

செலவு பெரும்பாலும் கிளப் சந்தாவில்தான் இருக்கிறது. பொதுத் திடலில் சந்தா வேண்டியதில்லை. ஆடும் அன்றைக்குக் கட்டினால் போதும். வார நாளில், 9 குழி மட்டும் ஆடினால் செலவு இன்னும் குறையும். விதிப்படி 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பழகுகிறவருக்கு நாலைந்து பழைய மட்டைகளே போதும். வாடகைக்கும் கிடைக்கும். போகுமுன் தொலைபேசியில் கட்டணத்தையும் உடை விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டுக்காட்டில் நடந்து பழகிய நமக்கு இதில் நடப்பது பெரிதல்ல. வயதானவரும் பிள்ளையும் சேர்ந்து ஆடலாம். அடித்த அடிகளை அவரவரே எண்ணிச் சொல்ல வேண்டும். நேர்மைக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

சென்ற மாதம் மகளைப் பட்டணத்துப் பயிற்சித் திடலுக்கு அழைத்துப் போய், ஒரு கூடைப் பந்துக்குக் காசு கட்டினேன். அவளுடைய முதல் ஐந்து அடிகள் புல்லைத்தான் சீவின. ஆறாவது பந்து பறந்தது! "அப்பா, நீங்களும் அடிங்க" என்று மட்டையை நீட்டினாள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிடித்தேன். யாரும் பிடுங்கவில்லை.

வீட்டுச் செலவு போக நாலு காசு மிஞ்சும் மாதத்தில், நீங்களும் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். பிடித்தால் தொடரட்டும், பிடிக்காவிட்டால் விட்டுவிடட்டும். "நமக்கு எதற்கு?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.