போர்க் கூத்தில் அழுகைச் சுவை

மெய்ப்பாடு எட்டென வகுத்த தொல்காப்பியனார், அழுகையையும் பெருமிதத்தையும் வெவ்வேறாக வைத்தார். இழவு, வறுமை முதலாய நான்கினின்று அழுகையும், தறுகண், இசைமை முதலாய நான்கினின்று பெருமிதமும் பிறக்கும் என்பது அவர் கொள்கை. இவ்விரண்டும் ஒருங்கே தோன்றும் இடம் ஒன்று உண்டாயின், அது போர் நாடகத்தில் வீரன் வீழும் இடமேயாம். அவன் வீழ்ச்சி கண்ணீரை வருவிக்கின்றது; வீழ்ந்த விதமோ நெஞ்சை நிமிர்த்துகின்றது.

அவ்விடத்தை அரங்கில் எவ்வாறு அமைப்பது என்பதில் நாடக மரபுகள் வேறுபடும். கிரேக்கர் பெரும்பாலும் சாவைக் கண்ணுக்குக் காட்டாது, தூதுவன் வாயிலாகச் செவிக்கு உரைத்தனர். கி.மு. 472இல் அரங்கேறிய ஈஸ்கிலசின் ‘பாரசீகர்’ நாடகத்தில் சலாமிசுப் போரின் அழிவைப் பாரசீக அரசி தூதுவன் சொல்லக் கேட்டே அறிகின்றாள். பகைவனின் தாயை அழவைத்து, வென்ற ஏதென்சு மக்களையே அதனைப் பார்க்கச் செய்தமை வியத்தற்குரியது. வடமொழியில் பாசனது எனப்படும் ‘ஊருபங்கம்’ மரபை மீறித் துரியோதனன் உயிர் நீங்குவதை அரங்கிலேயே காட்டும்.

இனி, நம் மலையகத்தை நோக்குவோம். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் தென்னிந்தியாவினின்று வந்த தொழிலாளரோடு தோட்டங்களுக்கு வந்த கூத்துகள். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்ட மக்களும் அம்மரபின் வழியினரே. மூன்றனுள் முழுமையும் போர்க்கதையாக அமைந்தது பொன்னர் சங்கர். கொங்கு நாட்டுக் கதையாகிய இதன் முடிவிடம் மணப்பாறையை அடுத்த வீரப்பூர். பரவலாக வழங்கும் வடிவத்தில், உடன்பிறந்தார் இருவரும் பகைவர் கையால் மடிவதில்லை. தம் காலம் முடிந்ததென உணர்ந்து தத்தம் வாளில் வீழ்கின்றனர்.

அதன்பின் வருவது படுகளம். தங்கை தங்காள் தமையன்மாரைத் தேடி வருகின்றாள். வீழ்ந்தவர் வேடத்தோர் மக்கள் நடுவே தரையிற் கிடப்பர். தங்காளின் புலம்பல் லயங்களில் மக்கள் நன்கறிந்த ஒப்பாரியையே நினைவூட்டும். கூத்திற்கு முழங்கும் தப்புத்தான் சாவு வீட்டிலும் முழங்குவது. ஆதலின் கூத்து எங்கே முடிகின்றது, இழவு எங்கே தொடங்குகின்றது என்பது காண்போர்க்குப் புலப்படுவதில்லை. பெண் வேடத்தை ஆடவரே புனைந்தாடிய காலத்தும் இவ்வுணர்ச்சி குன்றியதில்லை.

இக்காட்சியின் ஆற்றல் முதற் சாவிலன்று, அடுத்து நிகழ்வதிலேயே உள்ளது. தங்காளின் தவவலியால் தமையன்மார் உயிர் பெற்றெழுகின்றனர், எழுந்தவர் நிலைப்பதில்லை. சிறிது பேசி மீண்டும் பிரிகின்றனர். ஒருமுறை இழந்தவள் ஆறுதல் பெறக்கூடும். பெற்றதை மறுமுறை இழப்பவளுக்கு ஆறுதல் ஏது?

இலங்கைத் தோட்ட மக்களுக்குப் பிரிவு கதையளவில் நின்றதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. உடன்பிறந்தார் பலர் கடலின் இரு கரைகளிலும் பிரிந்தனர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்ட மக்கள் வன்செயலுக்கு ஆளாகி அகதிகளாயினர். தங்காளுக்காகச் சொரிந்த கண்ணீரில் இவற்றின் பங்கும் இருந்ததெனக் கொள்ளுதல் தவறாகாது.

தொலைக்காட்சி வந்தபின் போர் நாடகம் வீட்டிற்குள் புகுந்தது. 1988 முதல் 1990 வரை தூரதர்ஷன் ஒளிபரப்பிய சோப்ராவின் ‘மகாபாரதம்’ 94 பகுதிகள் கொண்டது. சக்கரவியூகத்தினின்று மீளும் வழி அபிமன்யுவுக்குத் தெரியாது என்பதைக் காண்போர் முன்பே அறிவர்; அவ்வறிவே அவன் நுழையும்போது நெஞ்சைப் பிசைகின்றது. கூத்தில் பின்வரிசையிலிருப்போர்க்கு எட்டாத இதழ்த் துடிப்பையும் ஒளிப்படக் கருவி அருகிற் கொணர்ந்து காட்டும். அஃது அக்கலைக்கே உரிய பேறு. ஆயின் கூடத்தில் அமர்ந்து காண்பவர் அபிமன்யுவின் உடலருகே சென்று அமர இயலாது. படுகளத்தில் கிடப்பவனோ, அடுத்த லயத்தில் வாழ்பவன். தண்ணீர் தெளித்து அவனை எழுப்பும்வரை, அவனைப் பெற்றவளும் அக்கூட்டத்தில் அமர்ந்தே இருப்பாள்.