பிரிய மனமில்லாததைக் கொடுப்பது



ஈகையைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அடிக்கடி கையாளும் ‘பார்ட் வித்’ என்ற சொற்றொடரை இம்முறை உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

‘பார்ட்’ என்றால் பிரிதல். ‘பார்ட் ஃப்ரம்’ என்றால் ஒரு மனிதரை விட்டுப் பிரிவது. ரயிலடியில் மகனை வழியனுப்பும் தாய்க்கு அது பொருந்தும். ‘பார்ட் வித்’ என்றாலோ, நம்முடைய பொருள் ஒன்றை விட்டுக்கொடுப்பது. இலவசமாகக் கொடுத்தாலும், விலைக்கு விற்றாலும் இச்சொல் பொருந்தும். ஆனால் அந்தப் பொருளை வைத்துக்கொள்ளவே நமக்கு ஆசை என்பது அதில் அடங்கியிருக்கிறது. பழைய செய்தித்தாளை எடைக்குப் போடுவதற்கு யாரும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அதற்கு ‘கெட் ரிட் ஆஃப்’, அதாவது தொலைத்துவிடுதல், என்று வேறு சொல் உண்டு. ‘கிவ் அவே’ என்பதோ இலவசமாகக் கொடுத்ததை மட்டும் சொல்லும். கொடுத்தவர் மனதைச் சொல்லாது.

தமிழில் இதற்குச் சொல் உண்டா? தொல்காப்பியர் ‘ஈ, தா, கொடு’ என்ற மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டுகிறார். கேட்பவர் தாழ்ந்தவரானால் ‘ஈ’ என்றும், ஒத்தவரானால் ‘தா’ என்றும், உயர்ந்தவரானால் ‘கொடு’ என்றும் கேட்பார். இவை கேட்பவரின் நிலையைக் காட்டுகின்றன. கொடுப்பவரின் உள்ளத்தை அல்ல. அதை நம் வீட்டுப் பேச்சுதான் காட்டுகிறது. “கொடுக்க மனசு வரல” என்கிறோமே, அந்த வராத மனம் வருவதுதான் ‘பார்ட் வித்’.

தாவீது ராஜாவுக்கு அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் இலவசமாகவே தர முன்வந்தான். தனக்கு ஒரு செலவும் இல்லாததைக் கர்த்தருக்குப் பலியிட மாட்டேன் என்று மறுத்து, 50 சேக்கல் வெள்ளி கொடுத்தே தாவீது வாங்கினான். மாற்கு 10-ஆம் அதிகாரத்து ஐசுவரியவானுக்கோ அந்த மனம் வரவில்லை, துக்கத்தோடே போய்விட்டான்.

இதை நம் தாய்மார் இலக்கணம் படியாமலே அறிந்திருந்தார்கள். திருநெல்வேலிச் சபைகளில் உலைக்கு அரிசி அளக்கும்போதே ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்து, ஊழியத்துக்கென்று ஆலயத்தில் படைப்பார்கள். மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இவ்வழக்கம் உண்டு. மீந்த சோற்றைக் கொடுப்பதல்ல இது. பானையில் விழுவதற்கு முன்னே, வீட்டார் பங்கிலிருந்தே எடுத்தது.

ஆனால் இச்சொல்லின் கசப்பான பொருளையும் திருநின்றவூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வருகிற குடும்பங்களிடம் காண்கிறோம். அறுவைச் சிகிச்சை என்றதும் கம்மல் அடகுக்கடைக்குப் போகிறது; கறவை மாடு விலைபோகிறது. அவர்களும் பிரிய மனமில்லாததையே பிரிகிறார்கள். தாவீது விரும்பிக் கொடுத்தான். இவர்களுக்கோ வேறு வழியில்லை. மாடு போனால் நோயாளி வீடு திரும்பும்போது பாலும் இல்லை, பால் விற்ற காசும் இல்லை.

ஏழை நோயாளிகளுக்காக நீங்கள் அனுப்பும் காணிக்கையின் பொருள் இதுதான். நீங்கள் மனமுவந்து ஒன்றை விட்டுக்கொடுக்கும்போது, ஒரு தாய் தன் கம்மலைக் கழற்றாமல் வீடு திரும்புகிறாள். தொகை பெரிதா சிறிதா என்று நாங்கள் பார்ப்பதில்லை. கடன் வாங்கியோ, வருத்தப்பட்டோ எவரும் அனுப்ப வேண்டாம். உங்கள் வீட்டு அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடி போதும். மனம் அதோடு வந்தால் போதும்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.